2004 சிவிக்: மேனிஃபோல்டில் விரிசல், கூடவே பி0420. வீட்டிலேயே மாற்றலாமா?

நடராஜா_சர்வீஸ்:
நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். வண்டி 2004 ஹோண்டா சிவிக் எல்எக்ஸ், 1,48,000 மைல். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் பக்கமிருந்து டிக் டிக் என்று சத்தம். சூடானதும் பாதியாகக் குறைந்துவிடுகிறது. சிக்னலில் நின்றால் ஹீட்டர் வழியாகப் புகை வாசனை வேறு. செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0420, அதாவது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிற எரர் கோடு. பக்கத்து கராஜில் "மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் குழாய்த் தொகுதி) விரிசல், கன்வெர்ட்டரும் போச்சு, 1,700 டாலர்" என்கிறார்கள். வண்டியை விற்றாலே அவ்வளவு வருமா தெரியாது. மகள் கல்லூரி முடிக்கும்வரை ஓடினால் போதும். பிரேக் பேட், ஆல்டர்னேட்டர் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன், ஆனால் வெல்டிங் தெரியாது. இது வீட்டில் செய்யக்கூடிய வேலையா? அடுத்த மாதம் மாநில வாகன இன்ஸ்பெக்ஷன்.

துரு_மாநிலம்:
செய்யலாம். நான் கிளீவ்லாந்தில் இருக்கிறேன். குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுகிற ஊர். வீட்டம்மாவின் 2003 சிவிக்கில் இதே வேலையைச் செய்தேன்.

முதலில் ஒன்று. வாசனை உள்ளே வருகிறது என்றால் மகளிடம் இப்போது வண்டியைக் கொடுக்காதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. உங்கள் மூக்குக்கு எட்டுவது அதோடு சேர்ந்து வரும் மற்ற புகை.

பாகம் வாங்குவதற்கு முன் விரிசலைக் கண்ணால் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது, காற்றை வெளியே ஊதும் வசதியுள்ள பட்டறை வேக்கும் கிளீனரின் குழாயை சைலன்சர் வாயில் வைத்து, துணி சுற்றி அடைத்து, ஊத விடுங்கள். முன்னால் போய் சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே செய்தால் விரிசல் உள்ள இடத்தில் நுரை கிளம்பும். ஹீட் ஷீல்டை (சூட்டைத் தடுக்கும் தகடு) கழற்றிவிட்டுப் பார்ப்பது நல்லது, பெரும்பாலும் அதற்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். சூடானதும் சத்தம் குறைவது இரும்பு விரிந்து விரிசலை மூடுவதால்.

விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே போனாலும் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் ஏமாந்து பி0420 காட்டும். அதனால் கன்வெர்ட்டர் நிஜமாகவே செத்துவிட்டதா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் உங்கள் எல்எக்ஸில் மேனிஃபோல்டும் கன்வெர்ட்டரும் ஒரே துண்டு, இரண்டும் சேர்ந்துதான் வரும். அந்த விவாதத்தை விட்டுவிடலாம்.

விடக்கூடாத விவாதம் வேறு. செத்திருந்தால் எதனால் செத்தது? உள்ளே இருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பீங்கான் தேன்கூடு. எரியாத பெட்ரோல் போனால் அங்கேயே எரிந்து உருக்கும். எஞ்சின் ஆயிலோ கூலன்ட்டோ போனால் மேலே படிந்து அடைக்கும். இந்த 1.7 லிட்டர் எஞ்சினில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போவது தெரிந்த வியாதி. கூலன்ட் அளவைக் குறித்துவைத்துக் கொஞ்ச நாள் பாருங்கள். குறைகிறது என்றால் புதுக் கன்வெர்ட்டர் வாங்குவது தண்டம், முதலில் ஹெட் கேஸ்கெட்டைக் கவனியுங்கள்.

இனி வேலை. புதுத் துண்டை மாட்டுவது ஒன்றுமே இல்லை, பழைய நட்டுகள்தான் உயிரை வாங்கும். முந்தின நாள் மாலையே துருவை இளக்கும் பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து ஊற விடுங்கள், காலையில் இன்னொரு முறை. டபிள்யூ.டி.-40 போதாது. சாக்கெட் ஆறு முனையாக இருக்கட்டும், பன்னிரண்டு முனை துருப்பிடித்த நட்டை உருட்டிவிடும். வராத நட்டைக் கொஞ்சம் இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு தளர்த்துங்கள். நட்டோடு ஸ்டட்டும் (நட்டு ஏறும் மரைத்தண்டு) சேர்ந்து வந்தால் வருத்தப்படாதீர்கள், அது அதிர்ஷ்டம். புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம். இரண்டு நட்டை ஒன்றோடொன்று பூட்டி ஸ்டட்டை உள்ளே திருகலாம்.

சென்சார்களுக்கு 22 எம்எம், பக்கத்தில் ஒயர் போக வெட்டு உள்ள சாக்கெட் வேண்டும். உதிரிபாகக் கடைகளில் டெபாசிட் வைத்து இரவல் கொடுப்பார்கள். எஞ்சின் லேசாகச் சூடாக இருக்கும்போது கழற்றினால் எளிது.

மாட்டும்போது: எல்லா கேஸ்கெட்டும் புதிது. ஹெட் பக்க நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாக, 31 நியூட்டன் மீட்டர் (23 அடி-பவுண்டு). சென்சாருக்கு 44 நியூட்டன் மீட்டர். கீழே எஞ்சின் பிளாக்கோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டை "எதற்கு இது" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் முழு எடையும் ஹெட்டில் தொங்கும், புதுசும் விரிசல் விடும். எல்லாவற்றையும் தளர்வாகப் பொருத்தி, நேராக உட்கார்ந்த பிறகே இறுக்குங்கள்.

முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் புகை வரும். அது சிந்திய ஆயில், பயப்பட வேண்டாம். ஆனால் கராஜ் கதவு திறந்திருக்கட்டும்.

வெல்டர்_மாமா:
அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஒரு ஸ்டட் முறிந்து ஹெட்டுக்குள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈசி-அவுட் (முறிந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் கருவி) போட்டு நோண்டாதீர்கள். அது கடினமான எஃகு. உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதில் இறங்காது, ஹெட்டோ அலுமினியம். வீட்டுக்கே வரும் வெல்டரைக் கூப்பிட்டு, முறிந்த முனையில் ஒரு நட்டை வெல்ட் செய்யச் சொல்லுங்கள். அந்தச் சூட்டிலேயே பிடி விட்டுவிடும். அப்படி ஒரு ஆளின் எண் கையில் இருந்தால்தான் ஸ்பானரையே எடுப்பேன் நான்.

அப்புறம், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். ஜாக் ஸ்டாண்டு கட்டாயம்.

பே_ஏரியா_வாசி:
இதைப் படிக்கும் கலிபோர்னியாக்காரர்களுக்கு: நூறு நூற்றைம்பது டாலருக்கு ஆன்லைனில் கிடைக்கும் கன்வெர்ட்டர் இங்கே செல்லாது. மாநிலக் காற்று வாரியத்தின் ஈ.ஓ. எண் (அங்கீகார எண்) பொறித்த கன்வெர்ட்டரைத்தான் ஸ்மாக் சோதனை எனப்படும் புகைச் சோதனையில் ஏற்பார்கள். விலையும் அதற்கேற்ப ஏறும். நியூயார்க்கிலும் தனி விதி உண்டு. பானெட்டுக்கு அடியில் உள்ள எமிஷன் லேபிளைப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். வண்டி புதிதாக இருந்தால் அதற்கும் முன்னால் வாரன்டியைப் பாருங்கள். கன்வெர்ட்டருக்கு மத்திய அரசு விதிப்படி 8 வருடம் அல்லது 80,000 மைல் உண்டு. பாதிப் பேருக்கு இது தெரியாமல் கைக்காசைக் கொடுக்கிறார்கள்.

நடராஜா_சர்வீஸ்:
எல்லோருக்கும் நன்றி. சோப்புத் தண்ணீர் சோதனை செய்தேன். ஷீல்டுக்கு அடியில், குழாய்கள் ஒன்று சேரும் இடத்தில் நுரை பொங்குகிறது. கூலன்ட் அப்படியே இருக்கிறது. எங்கள் டவுன்ஹவுஸ் சங்கத்தில் பார்க்கிங்கில் ரிப்பேர் செய்தால் அபராதம், அதனால் பிஸ்கேட்டவேயில் நண்பர் வீட்டு கராஜ். ஒரு சந்தேகம்: வேலை முடிந்ததும் ஸ்கேனரில் அந்த எரர் கோடை அழித்துவிட்டு நேராக இன்ஸ்பெக்ஷனுக்குப் போகலாமா?

துரு_மாநிலம்:
போகாதீர்கள். எரர் கோடை அழித்தால் வண்டியின் சுயசோதனைகள் எல்லாம் "தயாரில்லை" என்று ஆகிவிடும். நியூ ஜெர்சியில் 2001 மாடலும் அதற்குப் பிறகு வந்ததுமான பெட்ரோல் வண்டிகளுக்கு ஒரு சோதனை மட்டும் முடியாமல் இருக்கலாம், அதற்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கன்வெர்ட்டர் சோதனை முடியப் பெரும்பாலும் நேரமாகும். இரவு முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் எடுத்து, ஹைவேயில் ஒரே சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். அடுத்தடுத்த நாளும் அப்படியே. ஸ்கேனரில் "ரெடி" என்று வந்த பிறகு போங்கள்.

பெட்டி வந்ததும் கீழ்ப் பக்க வட்ட கேஸ்கெட் உள்ளே இருக்கிறதா பாருங்கள். பல கிட்டுகளில் ஹெட் பக்கத்துக்கு மட்டும்தான் வைக்கிறார்கள்.