திடீர் மயக்கத்தை வகை பிரிப்பதில் உதவி தேவை

வணக்கம். முதலுதவித் தன்னார்வலர்களுக்காக ஒரு குறிப்பு எழுதுகிறேன். குழுவில் உள்ள மருத்துவர்கள், செவிலியர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

மூளை முழுவதற்கும் ரத்த ஓட்டம் சட்டெனக் குறைந்து, ஆள் நினைவிழந்து சரிந்து, சிறிது நேரத்தில் தானாகவே முழுத் தெளிவுக்கு வந்தால் அது மயக்கம். ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2018 வழிகாட்டுதல் இதை மூன்றாகப் பிரிக்கிறது. பயம், வலி, நெடுநேரம் நிற்பது போன்றவற்றால் வரும் அனிச்சை மயக்கம் ஒன்று. எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்குவதால் வருவது இன்னொன்று. மூன்றாவது, துடிப்புக் கோளாறு போன்ற இதயக் காரணங்கள். பயப்பட வேண்டியது இதற்குத்தான். படுத்திருக்கும்போதோ ஓடும்போதோ நினைவு தப்பினால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

வலிப்பு, தலையில் அடி இரண்டையும் தனியே வைத்துவிட்டேன். சர்க்கரை குறைந்து நினைவிழப்பது பொதுவாகத் தானாகச் சட்டெனத் தெளியாது என்பதால் அதையும் சேர்க்கவில்லை. இது சரிதானா?

அப்புறம், பெரிய குழப்பம் இதுதான். மயக்கத்திலும் சில நொடிகள் கைகால் வெட்டி இழுக்கலாம், சிறுநீரும் போகலாம். நாக்கின் ஓரத்தில் கடி, எழுந்தபின் நீளும் குழப்பம் ஆகியவை வலிப்பின் பக்கம் சாய்கின்றன. ஆனால் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை, அவருக்கும் எதுவும் நினைவில்லை என்றால்? அப்போது 'காரணம் தெரியாத நினைவிழப்பு' என்று மட்டும் எழுதச் சொல்லலாமா? நேரில் பார்த்தவர் இருந்தால் அவரிடம் முதலில் எதைக் கேட்பீர்கள்?