சௌராஷ்டிரம் என் அக்கா மகள் வாயில் வந்த கதை

எங்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தவர்கள் காதில் விழுந்திருக்கும். குஜராத்தை விட்டுக் கிளம்பி, விஜயநகரம் வழியாக நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்த நெசவாளர்கள் நாங்கள். வந்த வழியில் ஒட்டிக்கொண்ட தெலுங்கும் கன்னடமும் எங்கள் பேச்சில் இன்னமும் கிடக்கின்றன.

2011 கணக்கெடுப்பில் 2,47,702 பேர் இதைத் தாய்மொழி என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் நிம்மதி இல்லை, ஏனென்றால் எங்கள் சொந்தத்திலேயே பல பிள்ளைகளுக்குக் கேட்டால் புரிகிறது, பதில் மட்டும் தமிழில்தான் வருகிறது. எந்த எழுத்தில் எழுதுவது, சொந்த எழுத்தா தேவநாகரியா தமிழா என்று பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டினார்கள். சொந்த எழுத்து 2008-இல் கணினிக்கான பொது எழுத்துத் தரமான யூனிகோடில் ஏறியதில் சந்தோஷம்தான், ஆனால் அந்த அக்கறையில் பாதியாவது பிள்ளைகளோடு பேசுவதில் காட்டியிருக்கலாம்.

நான் பேசக் கற்றது பாட்டியின் மடியருகே, சுங்குடிச் சேலைக்கு அவர் முடிச்சுக் கட்டும்போது. துணியை நகத்தால் துளியூண்டு கிள்ளித் தூக்கி, நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டு அடுத்த புள்ளிக்குப் போவார். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயம் போட்டுக் காய்ந்தபின் இழுத்துப் பிரித்தால் ஒவ்வொரு முடிச்சும் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். கை வேலை செய்ய வாய் சும்மா இருக்காது, ஊர்க்கதை, வசவு, எங்கள் மொழியில் பாடிய நடனகோபால நாயகி சுவாமிகளின் பாட்டு எல்லாம் சௌராஷ்டிரத்திலேயே ஓடும்.

சென்னையில் இருக்கும் அக்கா மகள் லீவுக்கு வந்தபோது அம்மா அதையே செய்தார். புத்தகம் எல்லாம் இல்லை. கைக்குட்டைத் துணியும் நூலும் கொடுத்து உட்கார வைத்தார், அவ்வளவுதான். நூல் வேண்டும் என்று தமிழில் கேட்டால் அம்மாவுக்குக் காது கேட்காது! முதலில் அழுகை, அப்புறம் கோபம், அப்புறம் திக்கித் திக்கி ஒரு வாக்கியம். பாட்டு வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் மேலே குட்டியாக எண் போட்டுக் கொடுத்தேன், அதைப் பார்த்துப் பாடினாள்.

இப்போது சென்னை வீட்டில் தம்பியோடு சண்டை வந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் புரியக் கூடாது என்று சௌராஷ்டிரத்தில்தான் திட்டுகிறாளாம். திருப்பித் திட்ட அவனும் கற்றுக்கொண்டிருக்கிறான்.