முன்ஸ்டர் 'கோஸ்மோகிராஃபியா': முகப்புத் தாள் இல்லை, ஒரு வரைபடத்தின் பின்புறம் மட்டும் லத்தீன். உதவி தேவை

ஏடுதேடி:
வணக்கம். பழைய அச்சுப் புவியியல் நூல்களை இதுவரை திரையில்தான் பார்த்திருக்கிறேன். இப்போதுதான் முதன்முதலாகச் சொந்தமாக ஒன்று வாங்கினேன்: 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் செபாஸ்டியன் முன்ஸ்டர் உலகை விவரித்து எழுதிய 'கோஸ்மோகிராஃபியா', ஜெர்மன் பதிப்பு. "முதல் தாளும் கடைசித் தாளும் இல்லை, மற்றபடி முழுமை" என்று விற்றவர் எழுதியிருந்தார்.

இரண்டு நாளாகத் தாள் தாளாக எண்ணுகிறேன், குழப்பம்தான் கூடுகிறது. பக்கத்தின் அடியில் வரும் எழுத்துக் குறிகளில் ஐ-க்குப் பிறகு நேராகக் கே வருகிறது, ஜே இல்லை. டபிள்யூவும் இல்லை. இரண்டு இடங்களில் பக்க எண் தாவுகிறது. ஆப்பிரிக்கா வரைபடத்தின் பின்புறம் மட்டும் லத்தீனில் இருக்கிறது, மற்ற வரைபடங்களின் பின்புறமெல்லாம் ஜெர்மன். ஆண்டும் தெரியவில்லை. எவ்வளவு தாள் போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈயஎழுத்து:
தம்பி, முதல் கவலையை விடுங்கள். அந்தக் காலத்து அச்சகங்கள் பாரங்களுக்கு, அதாவது ஒன்றாக மடித்துத் தைக்கும் தாள் கட்டுகளுக்கு, குறி போட 23 எழுத்துகளைத்தான் பயன்படுத்தின. ஐயும் ஜேயும் ஒரே எழுத்து, யூவும் வியும் ஒரே எழுத்து, டபிள்யூ கிடையாது. ஒரு சுற்று முடிந்ததும் இரட்டை எழுத்தில் மறுபடி தொடங்கும்.

பக்க எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அச்சுக்கோப்பவர் கை தவறி எண் தாவுவது 16-ஆம் நூற்றாண்டில் சர்வசாதாரணம். பைண்டர் பார்த்து அடுக்கியது பாரக் குறியைத்தான், நீங்களும் அதையே பாருங்கள். ஒவ்வொரு பாரத்திலும் எத்தனை தாள் என்று எழுதிக்கொண்டே போங்கள். தொடர்ந்து ஆறு ஆறாக வந்து ஓரிடத்தில் மட்டும் ஐந்து வந்தால் அங்கே நின்று தையலைப் பாருங்கள். வெட்டிய தாளின் அடிக்கட்டை ஒரு மெல்லிய பட்டையாகத் தெரியலாம். பக்கத்தின் கடைசியில் அடுத்த பக்கத்தின் முதல் சொல் அச்சாகியிருந்தால் அதையும் சரிபாருங்கள். எண் தாவிய இடத்தில் சொல் பொருந்தினால் அங்கே எதுவும் போகவில்லை.

மரச்செதுக்கு:
எனக்கு அந்த ஆப்பிரிக்கா வரைபடம்தான் உறுத்துகிறது.

முன்ஸ்டர் வரைபடங்களில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. நிலமும் கடலும் மலையும் மரக்கட்டையில் செதுக்கியவை. ஊர்ப் பெயர்கள் பலவற்றுக்குக் கட்டையில் துளையிட்டு உலோக எழுத்தைப் பொருத்தினார்கள். அதனால் அதே கட்டையை வைத்துப் பெயரை மாற்றி வேறு மொழிப் பதிப்புக்கும் அச்சிட முடிந்தது. 1544-இல் பாசெலில் ஹென்ரிக் பெத்ரி அச்சகத்தில் ஜெர்மனில் தொடங்கிய நூல் இது. 1550-இல் லத்தீன், 1552-இல் பிரெஞ்சு என்று விரிந்து, கடைசியாக 1628 வரை அச்சில் இருந்தது. போதாக்குறைக்கு, பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் தாலமியின் 'ஜியோகிராஃபியா'வை முன்ஸ்டர் 1540-இல் பதிப்பித்தபோது அதிலும் ஒற்றைக்கண் மனிதன் உட்கார்ந்திருக்கும் இதே ஆப்பிரிக்கா உண்டு. எனவே முன்பக்கத்தை மட்டும் பார்த்து எந்த நூலின் தாள் என்று சொல்ல முடியாது. பின்பக்க உரையின் மொழிதான் முதல் சாட்சி. ஜெர்மன் நூலுக்குள் லத்தீன் முதுகு என்றால் வேறொரு பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

உறுதிசெய்ய எளிய வழி புழுத்துளை. அட்டையில் புகுந்த புழு தாள் பார்த்துப் போவதில்லை, நேராகத் துளைத்துக்கொண்டே போகும். முன் தாளிலும் பின் தாளிலும் ஒரே இடத்தில் துளை இருந்து நடுவிலிருக்கும் வரைபடத்தில் இல்லை என்றால் அது பின்னால் வந்த விருந்தாளி. நீர்க்கறையும் அப்படித்தான். எதிர்ப் பக்கத்தில் மை ஒற்றிய நிழல் இருக்கிறதா, அது எந்தப் படத்தின் நிழல் என்றும் பாருங்கள்.

ஏடுதேடி:
பார்த்துவிட்டேன் ஐயா. ஜே பயம் போயிற்று, எண் தாவும் இரண்டு இடத்திலும் சொல் பொருந்துகிறது. ஆனால் ஒரு பாரத்தில் ஐந்து தாள்தான், அடிக்கட்டை தெரிகிறது. முன்பகுதித் தாள்களில் மேல் ஓரத்தில் மூன்று துளை வரிசையாகப் போகின்றன. ஆப்பிரிக்காவில் ஒன்றுகூட இல்லை. அதன் அகலமும் ஒரு விரற்கடை குறைவு. வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு மூலை மட்டும் தேய்த்தது போல மெலிந்திருக்கிறது. அது ஏன்?

ஈயஎழுத்து:
அந்த மூலையைச் சாதாரணமாக விட வேண்டாம். நூலக முத்திரையைச் சுரண்டினாலும் தாள் அப்படித்தான் மெலியும். பழைய பழுதுபார்ப்பாகவும் இருக்கலாம். புற ஊதா விளக்கில் முத்திரை மையின் தடம் சில சமயம் தெரியும். 2005-இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு வரைபட வணிகர் பிடிபட்டு, கடைசியில் பல நூலகங்களில் 97 வரைபடங்களைத் திருடியதாக ஒப்புக்கொண்டார். உதிரி வரைபடம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது விற்றவரை அவமதிப்பதாகாது. அவரே வாங்கும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மரச்செதுக்கு:
ஆண்டு விஷயம்: முன்னால் வரும் உலக வரைபடத்தின் கீழ் மூலையில் டி.கே. என்ற எழுத்துகள் இருக்கின்றனவா? இருந்தால் அது டேவிட் காண்டல் செதுக்கிய கட்டை, 1550 முதல் வந்தது. 1588 பதிப்பில், வரைபடத் தொகுப்பாளர் ஓர்டேலியஸின் பாணியில் வரைபடங்கள் எல்லாவற்றையும் புதிதாகச் செதுக்கிவிட்டார்கள். ஆனால் உலக வரைபடமும் பின்னால் சேர்த்ததாக இருக்கலாம், முதலில் அதற்கும் புழுத்துளைச் சோதனை.

பிறகு நூலின் உரையில் குறிப்பிடப்படும் மிகப் பிந்திய ஆண்டைத் தேடுங்கள், அதற்கு முன் அச்சாகியிருக்க முடியாது. கடைசியாக, நடுவிலிருந்து மூன்று நான்கு பக்கங்களைப் பவேரிய அரசு நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பிரதிகளோடு வரி முடிவு, அலங்கார முதலெழுத்து, உடைந்த எழுத்து என்று ஒப்பிடுங்கள். ஜெர்மன் மொழிப் பகுதியின் 16-ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களைப் பட்டியலிடும் விடி16-இல் பதிப்பு வாரியாகக் கிடைக்கும்.

ஏடுதேடி:
டி.கே. இருக்கிறது! மூன்று துளையும் உலக வரைபடத்தில் சரியாக விழுகின்றன. உரையில் 1560-களின் செய்தி ஒன்று வருகிறது, ஆக அதற்குப் பிறகு, 1588-க்கு முன். இனி ஒவ்வொரு பதிப்பாக ஒப்பிட வேண்டும். விற்றவருக்குப் படங்களோடு எழுதியிருக்கிறேன். ஆப்பிரிக்காவைப் பிரித்துத் தனியாக வைக்கலாமா?

ஈயஎழுத்து:
வேண்டாம். பிரித்துவிட்டால் எப்படி ஒட்டியிருந்தது என்ற சாட்சி போய்விடும், திருப்பிக் கொடுக்கவும் முடியாது. பசை, செலோடேப் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. அமிலம் இல்லாத தாளில் சுற்றிப் படுக்கை வசமாக வையுங்கள். பதில் வந்ததும் எழுதுங்கள், தம்பி.