ஆட்டோ பிலிம் கேமராவில் முகம் மங்கல், பின்சுவர் மட்டும் பளிச்: கேமராவில் கோளாறா?

புது_ரோல் கேட்டது:

வணக்கம். பரணில் கிடந்த ஒரு சின்ன பிலிம் கேமரா என் கைக்கு வந்திருக்கிறது. 35 மி.மீ. ரோல் போடும் வகை, 38 முதல் 105 மி.மீ. வரை சூம். ஃபோகஸ், வெளிச்ச அளவு, ஃபிளாஷ், ரோல் சுற்றுவது எல்லாமே ஆட்டோ. கையேடு இல்லை. புது பேட்டரியும் ஐஎஸ்ஓ 200 (பிலிம் ஒளியை உணரும் வேகத்தைச் சொல்லும் எண்) கலர் ரோலும் போட்டு முழுக்க எடுத்து, கழுவி ஸ்கேன் போட்டு வாங்கிவிட்டேன்.

வெயிலில் எடுத்தவை அருமையாக வந்திருக்கின்றன. மற்றவற்றில்தான் குழப்பம். இரண்டு பேர் தோளோடு தோள் நிற்கும் படங்களில் முகங்கள் மங்கல், அவர்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் விரிசல்கூடத் தெளிவாகத் தெரிகிறது. ஒரு நடன நிகழ்ச்சியைப் பார்வையாளர் வரிசையில் இருந்து சூம் செய்து எடுத்தேன். மேடை கறுப்பு, முன்வரிசைத் தலைகள் மட்டும் வெள்ளை வெளேர். ரயில் ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்த மலை சுத்தமாகத் தெளிவில்லை. மாலை நேரத்தில் ஃபிளாஷை நிறுத்திவிட்டு எடுத்தவை எல்லாம் இழுத்துவிட்டது போல் இருக்கின்றன.

இன்னொன்று, ரோல் போட்டதும் எண் 36-இல் தொடங்கிக் குறைந்துகொண்டே வந்தது. அது சரியா? கேமராவை யாரிடமாவது பழுது பார்க்கக் கொடுக்கலாமா, இல்லை நான் பிடிக்கும் விதத்தில் கோளாறா?

இருட்டறை:

நெகடிவ் கையில் இருக்கிறதா? ஸ்கேனை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நெகடிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, துளைகள் இருக்கும் ஓரத்தில் எண்களும் பிலிம் பெயரும் தெரிகின்றனவா என்று பாருங்கள். மேடைப் படங்கள் நெகடிவில் எப்படி இருக்கின்றன என்பதையும் சொல்லுங்கள்.

புது_ரோல்:

இருக்கிறது. ஓரத்து எண்கள் தெளிவாகவே இருக்கின்றன. மேடைப் படங்கள் கிட்டத்தட்ட வெறும் ஆரஞ்சு நிறம், அங்கங்கே கறுப்புத் திட்டுகள். மற்றவற்றுக்கு இடையே இடைவெளி ஒரே சீராக இருக்கிறது.

இருட்டறை:

நல்ல செய்தி. ஓரத்து எழுத்துகள் தொழிற்சாலையிலேயே பிலிமில் பதிக்கப்பட்டவை. கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அவை தெளிவாக வந்திருந்தால் கழுவியவர்கள் ஒழுங்காகக் கழுவியிருக்கிறார்கள். (எழுத்தும் இல்லை, படமும் இல்லை என்றால் கழுவியதில் கோளாறு. எழுத்து இருந்து படம் மட்டும் இல்லை என்றால் ரோல் நகரவில்லை அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓரம் உட்பட எல்லாம் கறுப்பு என்றால் எங்கோ வெளிச்சம் புகுந்திருக்கிறது.) இடைவெளி சீராக இருப்பதால் ரோல் சுற்றும் மோட்டாரும் நலம். வெயில் படங்கள் நன்றாக இருப்பதால் லென்ஸும் ஷட்டரும் நலம். பழுது பார்க்கும் கடைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

இனி ஃபோகஸ். இந்த வகைக் கேமராவில் நீங்கள் கண் வைத்துப் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல. வியூஃபைண்டர் தனிச் சின்ன ஜன்னல். அதனால் லென்ஸ் எங்கே ஃபோகஸ் செய்தாலும் உங்கள் கண்ணுக்கு எல்லாம் எப்போதும் தெளிவாகவே தெரியும். கைபேசித் திரையில் மங்கலாகத் தெரிந்தால் உடனே சரிசெய்து பழகிவிட்டோம். இங்கே அந்த எச்சரிக்கை கிடையாது.

கேமரா தூரத்தை அளப்பது வியூஃபைண்டரின் நட்ட நடுவில் இருக்கும் சின்ன அடைப்புக்குறிக்குள் மட்டும்தான். இரண்டு பேரை அழகாக நடுவில் நிறுத்தினால் அந்தக் குறி இருவரின் தலைக்கும் இடையே உள்ள சந்து வழியாகச் சுவரில் போய் விழும். கேமரா சுவரை அளந்து, சுவருக்கு ஃபோகஸ் செய்துவிடும். உங்கள் படத்தில் விரிசல் தெளிவாக இருப்பதே ஆட்டோ ஃபோகஸ் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி.

செய்ய வேண்டியது இதுதான்: நடுக்குறியை ஒருவர் முகத்தில் வையுங்கள். ஷட்டர் பட்டனைப் பாதி மட்டும் அழுத்துங்கள். வியூஃபைண்டர் பக்கத்தில் பச்சை விளக்கு நிலையாக எரியும். விரலை எடுக்காமல், அப்படியே கேமராவைத் திருப்பி உங்களுக்குப் பிடித்த மாதிரி இருவரையும் சட்டத்துக்குள் கொண்டு வந்து, மீதியையும் அழுத்துங்கள். பாதி அழுத்திய பிறகு நீங்கள் ஒரு அடி முன்னாலோ பின்னாலோ போகக் கூடாது, பூட்டியது தூரத்தைத்தான். பச்சை விளக்கு சிமிட்டினால் மிக அருகில் நிற்கிறீர்கள் என்று பொருள், பின்னால் போங்கள். சூம் உள்ள கேமராக்களில் பெரும்பாலும் அரை மீட்டரில் இருந்து ஒரு மீட்டருக்குள் அந்த எல்லை இருக்கும்.

வெயிலில் இந்தக் கோளாறு தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. நல்ல வெளிச்சத்தில் லென்ஸின் துவாரம் சிறிதாகிவிடும், தெளிவாக விழும் ஆழம் கூடும். ஃபோகஸ் கொஞ்சம் தவறினாலும் படம் தப்பித்துவிடும். வீட்டுக்குள் அந்தச் சலுகை இல்லை.

பாதி அழுத்தும் பழக்கம் விரலுக்கு வர வேண்டும். ரோல் இல்லாமல் பழகுங்கள். பெரும்பாலான மாடல்கள் ரோல் இல்லாமலும் ஷட்டர் போடும், செலவே இல்லை.

பழைய_லென்ஸ்:

மேலே சொன்னது முழுக்கச் சரி. ரயில் ஜன்னலை நான் சொல்கிறேன். கேமராவின் முகப்பில், லென்ஸுக்கு மேலே, இரண்டு சின்ன இருண்ட ஜன்னல்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றனவா? ஒன்றிலிருந்து அகச்சிவப்புக் கதிர் போகும், இன்னொன்று திரும்பி வருவதைப் பிடிக்கும். எந்தக் கோணத்தில் திரும்பி வருகிறது என்பதை வைத்துத் தூரம் கணக்காகும். கேனான் 1979-இல் கொண்டுவந்த ஏஎஃப்35எம் கேமராவிலேயே இந்த முறைதான். இருட்டிலும் வேலை செய்யும் என்பதால் சின்ன கேமராக்களில் இது வெகுவாகப் பரவியது. கண்ணாடிக்கு முன்னால்தான் ஏமாறும். கதிர் கண்ணாடியில் பட்டுத் திரும்பினால், கேமரா கண்ணாடியையே பொருள் என்று எடுத்துக்கொள்ளும்.

மலைச் சின்னம் போட்ட பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள், தொலைதூரத்துக்கு ஃபோகஸ் போய்விடும். அது இல்லையென்றால் கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுத்துப் பாருங்கள். ஃபிளாஷை நிறுத்த மறக்காதீர்கள், இல்லையென்றால் கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு விழும். ஆழ்ந்த கறுப்புத் துணி, பளபளக்கும் கார், கம்பிவேலி இவற்றிடமும் இதே தொல்லை வரும். அதே தூரத்தில் இருக்கும் வேறு எதையாவது பார்த்துப் பூட்டிக்கொண்டு திரும்புங்கள்.

இரவு_ஒளி:

மேடைப் படமும் மாலைப் படமும் ஒரே காரணத்தால் கெட்டவை: சூம்.

இந்தச் சின்ன சூம் லென்ஸ்கள் நீள நீள ஒளியைக் குறைவாகவே உள்ளே விடும். 38-இல் எஃப் 4 (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துவாரம் சிறிது) இருக்கும் லென்ஸ் 105-க்குப் போனதும் எஃப் 10 பக்கம் வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் ஒளி ஆறில் ஒரு பங்காகிவிட்டது. 38-இல் 1/90 நொடியில் எடுத்திருக்கும் படத்துக்கு இப்போது 1/15 வேண்டும். 105-ஐக் கையில் ஆடாமல் பிடிக்க 1/100 பக்கமாவது தேவை. ஃபிளாஷையும் நிறுத்திவிட்டால் கேமராவுக்கு வேறு வழியில்லை, ஷட்டரை நீட்டித் திறந்துதான் வைக்கும். ஆட்டம்தான் மிச்சம். படத்தில் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை ஆட்டம். ஏதோ ஒன்று மட்டும் தெளிவாக இருந்தால் அது ஃபோகஸ் தவறு. இதை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

ஃபிளாஷுக்கும் கணக்கு இருக்கிறது. கைடு நம்பரை (ஃபிளாஷின் வலுவைச் சொல்லும் எண்) எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம். ஐஎஸ்ஓ 100-க்கு கைடு நம்பர் 12 என்றால், எஃப் 4-இல் 3 மீட்டர். எஃப் 10-இல் 1.2 மீட்டர். நம்பவே முடியாத அளவு குறைவு! ஐஎஸ்ஓ 400 ரோல் போட்டால் இரண்டும் இரட்டிப்பாகும், 6 மீட்டர், 2.4 மீட்டர். 200-இல் 4 மீட்டரைச் சற்றே தாண்டும். மேடை இருபது மீட்டருக்கு அப்பால் இருந்தால் எந்த ரோலும் கைகொடுக்காது. முன்வரிசைத் தலைகள் வெளுத்ததும் அதனால்தான்.

அடுத்த முறை மேடைக்கு ஃபிளாஷை நிறுத்துங்கள் (மின்னல் சின்னத்தின் மேல் கோடு போட்டது), சூமை முழுக்க உள்ளே இழுங்கள், 400 அல்லது 800 ரோல் போடுங்கள், கேமராவை நாற்காலிக் கைப்பிடியிலோ சுவரிலோ ஊன்றுங்கள். முடிந்தால் முன்னால் போய் உட்காருங்கள். அதைவிடச் சிறந்த சூம் கிடையாது.

ஒரு நினைவூட்டல்: கேமராவை அணைத்துப் போட்டால் ஃபிளாஷ் மறுபடி ஆட்டோவுக்கே போய்விடும் மாடல்கள் நிறைய. ஒலிம்பஸ் மியூ-2 அப்படித்தான், மூடியை மூடித் திறந்தால் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்துவிட்டு எடுங்கள். பகலில் முதுகுப் பக்கம் வெயில் இருப்பவரை எடுக்கும்போது மட்டும் ஃபிளாஷை வலிந்து போடுங்கள் (வெறும் மின்னல் சின்னம்), முகம் இருளாது.

புது_ரோல்:

அப்பாடா. சுவர் விரிசல் தெளிவாக இருப்பதை நான் கோளாறுக்கு ஆதாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது நேர்மாறு! முகப்பில் இரண்டு ஜன்னல்கள் இருக்கின்றன, மலைச் சின்னமும் இருக்கிறது. சரி, ஐஎஸ்ஓ 400 போட்டால் அதைக் கேமராவுக்கு எங்கே சொல்வது? அந்த மாதிரி பட்டனே காணோம். எண் குறைவதைப் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

பழைய_லென்ஸ்:

நீங்கள் சொல்ல வேண்டாம், ரோலே சொல்லிவிடும். ரோலின் உலோகக் கூட்டில் கறுப்பும் வெள்ளியுமாகக் கட்டங்கள் இருக்கும். கோடாக் 1983-இல் கொண்டுவந்த டிஎக்ஸ் குறியீடு அது. கேமராவில் ரோல் உட்காரும் குழிக்குள் சின்னச் சின்ன உலோக ஊசிகள் தெரியும், அவை கட்டங்களைத் தொட்டுப் படித்துக்கொள்கின்றன. ஊசிகளில் அழுக்கு இருந்தால் உலர்ந்த பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடுங்கள். கட்டங்களே இல்லாத ரோல் போட்டால் பல மாடல்கள் ஐஎஸ்ஓ 100 என்று எடுத்துக்கொள்ளும், அதனால் வாங்கும்போது கூட்டைப் பாருங்கள்.

எண் குறைவது கோளாறு அல்ல. சில கேமராக்கள் ரோல் போட்டதும் முழு பிலிமையும் வெளியே இழுத்துவிட்டு, ஒவ்வொரு படம் எடுத்ததும் ஒரு கட்டம் கூட்டுக்குள் சுருட்டும். திரையில் தெரிவது மீதி இருக்கும் படங்கள். தவறிப்போய்ப் பின்கதவு திறந்துகொண்டால் எடுத்த படங்கள் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும், எடுக்காத பகுதிதான் வெளுக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

இருட்டறை:

கடைசியாக இரண்டு விஷயம், இரண்டும் கேமராவின் உயிர் சம்பந்தப்பட்டவை.

பேட்டரி சிஆர்123ஏ என்று எழுதியிருந்தால் 3 வோல்ட் லித்தியம் மட்டும் போடுங்கள். அதே அளவில் வரும் ரீசார்ஜ் பேட்டரிகளில் பல முழு சார்ஜில் 4 வோல்ட்டைத் தாண்டும், உள்ளே இருக்கும் மின்சுற்று தாங்காமல் போகலாம். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், ஆனால் ரோல் உள்ளே இருக்கும்போது வேண்டாம்.

அப்புறம், எந்தக் கோளாறு வந்தாலும் திருகைக் கழற்றிக் கேமராவைத் திறக்காதீர்கள். ஃபிளாஷுக்கான கெபாசிட்டர் 300 வோல்ட் அளவுக்கு ஏறியிருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும் அது இறங்க நேரமாகும். தொட்டால் பலமாக அடிக்கும்.

புது_ரோல்:

புரிந்தது, திறக்க மாட்டேன். பாதி அழுத்திப் பழக ஆரம்பித்துவிட்டேன், பச்சை விளக்கு நிலையாக எரிகிறது. ரோல் பாதியில் இருக்கும்போது கழற்ற வேண்டி வந்தால் என்ன செய்வது?

பழைய_லென்ஸ்:

அடியில் அல்லது பக்கவாட்டில் குழிந்த ஒரு குட்டி பட்டன் இருக்கும், சுற்றும் அம்புக்குறியோடு. மூடிய பேனாவின் முனை போல மழுங்கிய எதையாவது வைத்து அழுத்துங்கள், ஊசி வேண்டாம். மோட்டார் சத்தம் முழுக்க நின்று, எண் 0 ஆன பிறகுதான் பின்கதவைத் திறக்க வேண்டும். பிலிம் முனை கூட்டுக்குள் போயிருக்கும், மீதிப் படங்களை விட்டுவிட்டு அப்படியே கழுவக் கொடுத்துவிடுங்கள்.