மொஹாவி பாலைவனத்துப் பேக்கர்: வழியில் இறங்கிப் பார்க்க ஏதேனும் உண்டா?

காட்பாடி வாத்தியார்:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் மகன் வீட்டிற்கு நானும் என் மனைவியும் செல்கிறோம். அங்கிருந்து லாஸ் வேகஸுக்குக் காரில் அழைத்துச் செல்வதாக அவன் சொல்லியிருக்கிறான். பாதிக்கு மேல் கடந்தபின் பேக்கர் என்றொரு பாலைவனச் சிற்றூர் வருமாம். பெட்ரோல் போட்டுக்கொண்டு உடனே கிளம்பிவிடலாம், அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவன் தீர்ப்பு. ஆனால் வரைபடத்தைப் பார்த்தால், மொஹாவி என்னும் ஆறு கடலைத் தேடிப் போகாமல் அந்த ஊருக்குப் பக்கத்திலேயே முடிந்துபோவதாகக் காட்டியிருக்கிறது. பாலாற்றங்கரையில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தவனுக்கு அதைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. மனைவிக்கு முழங்கால் வலி இருப்பதால் அதிகம் நடக்க இயலாது, இருவரும் சைவம். அவ்வழியே சென்றவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ராணிப்பேட்டை ரவி:

ஐயா, நான் கலிஃபோர்னியாவில் ஐந்தாண்டுகள் பணிபுரிந்தபோது அவ்வழியே பலமுறை சென்றிருக்கிறேன். ஆயிரம் பேர்கூட வசிக்காத ஊர் என்றாலும், நெடுஞ்சாலையில் வரும்போதே ஒரு பெரிய வெப்பமானி கண்ணில் படும். 1913 ஜூலை 10 அன்று அருகிலுள்ள மரணப் பள்ளத்தாக்கில் பதிவான 134 ஃபாரன்ஹீட் வெப்பத்தின் நினைவாக, டிகிரிக்கு ஓர் அடி என்ற கணக்கில் 134 அடி உயரத்தில் அதை நிறுவியிருக்கிறார்கள். நம் கணக்கில் அது 56.7 செல்சியஸ், அந்த அளவீட்டையே ஐயுறும் வானிலை ஆய்வாளர்களும் உண்டு. உள்ளே பாதரசம் ஏதும் இல்லை, விளக்குகளால் எண் காட்டும் மின்பலகைதான். அவ்வூரில் உணவகம் நடத்திவந்த வில்லிஸ் ஹெரான் 1991இல் அதை எழுப்பினார். கட்டிய சில காலத்திலேயே காற்றில் முறிந்து விழுந்ததால் மீண்டும் கட்டி, பின்னர் ஆடாமலிருக்க உள்ளே கான்கிரீட் நிரப்பினார்கள். அதன்பின் கைமாறி, மின்கட்டணம் தாங்காமல் 2012இல் அணைந்துபோனதை ஹெரான் குடும்பத்தாரே திரும்பப் பெற்று 2014இல் ஏற்றிவைத்தார்கள். காரைவிட்டு இறங்காமலே பார்க்கலாம். அம்மாவுக்குச் சிரமம் இருக்காது.

குடியாத்தம் மலர்விழி:

வெப்பமானியைப் பற்றி நண்பர் சொன்னவை சரியே. ஆனால் வெயிலை அளந்து காட்ட வேலூர்க்காரருக்கு ஒரு கம்பம் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. ஐயா கேட்டது ஆற்றைப் பற்றி. அது சான் பெர்னார்டினோ மலையில் பிறந்து, பெரும்பாலும் மணலுக்கடியிலேயே ஓடி, பேக்கரை ஒட்டிய சோடா ஏரியில் அடங்குகிறது. ஏரி என்பது பெயரளவில்தான். பெருமழை ஆண்டுகள் தவிர மற்ற நாட்களில் வெண்ணிற உப்புப் படிந்த களர்நிலமாகவே கிடக்கும். பாலாறு 2021 நவம்பரில் இருகரை புரண்டதைப் பார்த்த நமக்கு, இப்படிப்பட்ட ஆறு ஒருநாள் விழித்துக்கொள்வதில் வியப்பிருக்காது. பேக்கருக்கு முன்பே வரும் ஆஃப்டன் பள்ளத்தாக்கில் அடியிலுள்ள கடினப்பாறை நீரை மேலே தள்ளுவதால், அங்கே ஆறு வெளியே தலைகாட்டுகிறது. அங்கே செல்லும் பாதை மண்பாதை என்பதால் வண்டியின் உயரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஏரிக்கரையை அடைய எளிய வழி, பேக்கருக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் முன்பு பிரியும் ஸைஸிக்ஸ் சாலை. பெயரே விசித்திரமானது. கர்ட்டிஸ் ஸ்பிரிங்கர் என்பவர் ஆங்கில அகராதியின் கடைசிச் சொல்லாக இருக்கட்டும் என்று தாமே உண்டாக்கிய பெயர் அது. அவர் 1944இல் சுரங்க உரிமை என்ற பெயரில் அரசு நிலத்தில் குடியேறி, ஊற்றுநீர்க் குளியலும் மருந்துகளும் விற்று ஒரு ஆரோக்கிய விடுதியையே நடத்தினார். முப்பது ஆண்டுகள் கழித்துத்தான், 1974இல், அரசு அவரை வெளியேற்றியது. பனைமரங்களும் குளமும் அப்படியே இருக்க, இப்போது அங்கே கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தின் பாலைவன ஆய்வு மையம் இயங்குகிறது. குளத்தில் மொஹாவி ஆற்றுக்கே உரிய அருகிய மீனினம் ஒன்றைக் காத்து வருகிறார்கள். நம் ஊரை நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாத கோட்டை என்று கேலி பேசுவார்களே, அந்த வரிசையில் முதலிரண்டும் இங்கே அப்படியே பொருந்தும். ராஜாவுக்குப் பதிலாக ஒரு போலி வைத்தியர் இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆம்பூர் அன்சாரி:

சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! ஊருக்குள் வேற்றுக்கிரகவாசி பொம்மைகளை நிறுத்தி வைத்திருக்கும் கடைக்குத்தான் கூட்டம் அதிகம். ஆனால் அங்கே முதன்மையாக விற்பது நம்மூர் உப்புக்கண்டத்தின் உறவான உலர்ந்த இறைச்சி என்பதால், சைவர்களான உங்களுக்குப் படம் எடுப்பதோடு வேலை முடிந்துவிடும். புளிச்சாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதே உத்தமம். இன்னொன்று: ஜூன், ஜூலையில் அங்கே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நம் கத்தரி வெயில் பழகியவர்கள்தாமே என்று எண்ணிவிடாதீர்கள். காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை உடனே உலர்ந்துவிடும். உடல் நீர் இழப்பது நமக்குத் தெரியாது. தாகம் எடுக்குமுன்பே குடிக்க வேண்டும். விடியற்காலையில் கிளம்பினால் ஏரிக்கரையை ஒன்பது மணிக்கு முன் பார்த்துவிடலாம். தெற்கே கெல்சோவில் 1924இல் கட்டிய அழகான ரயில் நிலையமும் மணற்குன்றுகளும் உண்டு. போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும் என்பதால், இம்முறை அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

காட்பாடி வாத்தியார்:

மூவருக்கும் மிக்க நன்றி. மகனிடம் இவற்றைப் படித்துக் காட்டினேன். ஸைஸிக்ஸ் என்ற பெயர்ப்பலகையைப் பலமுறை கடந்திருப்பதாகவும், ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை என்றும் ஒப்புக்கொண்டான். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்ப இசைந்துவிட்டான். புளிச்சாதம் தயாராக இருக்கும் என்று என் மனைவி சொல்லச் சொன்னாள். மலர்விழி அம்மாவுக்கு ஒரு கேள்வி: குளக்கரையில் உட்கார நிழலோடு இருக்கை ஏதும் உண்டா, அல்லது மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ள வேண்டுமா?

குடியாத்தம் மலர்விழி:

நாற்காலி எடுத்துச் செல்லுங்கள் ஐயா. ஆய்வு மையத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தால் கட்டடங்களின் பக்கம் போகாமல், குளத்தைச் சுற்றி மட்டும் பார்த்துவிட்டு வரலாம்.