கொரோனா கர்பியூக்குள்ள அம்மாவின்ட இன்சுலின் முடியப்போகுது, கொழும்பில இருக்கிற ஆக்கள் என்ன செய்யிறீங்கள்?

வெள்ளவத்தை மகள்:
எல்லாருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில, காலி வீதிக்கும் மரீன் ட்ரைவுக்கும் நடுவில ஒரு ஃப்ளாட்டில அம்மாவோட இருக்கிறன், வேற ஆக்கள் இல்ல, தம்பி கனடாவில. அம்மாவுக்கு எழுபது தாண்டிட்டுது, கனகாலமா சுகர், பிரஷரும் இருக்கு, காலையில பின்னேரம் ரெண்டு நேரமும் இன்சுலின் போடவேணும். அரசாங்க ஹொஸ்பிட்டல் கிளினிக்கிலதான் மருந்து எடுக்கிறனாங்கள். கிளினிக் திகதி கர்பியூக்குள்ள வந்து போயிட்டுது. 2020 மார்ச் 20 வெள்ளிக்கிழமை பின்னேரம் கர்பியூ போடேக்க திங்கள் காலமை எடுத்துடுவாங்கள் எண்டுதான் எல்லாரும் நினைச்சம், பிறகு 24ஆம் திகதி கொஞ்ச நேரம் திறந்திட்டு கொழும்பு, கம்பஹா, களுத்துறைக்கு மட்டும் மறு அறிவித்தல் வரைக்கும் எண்டு மூடிட்டாங்கள். அண்டைக்கு நான் மருந்துக்கு லைனில நிண்டா அரிசி பருப்பு வாங்கேலாது, அரிசிக்கு நிண்டா மருந்து வாங்கேலாது, அப்பிடி ஒரு சனம். அரிசி லைனிலதான் நிண்டன்.

இப்ப ஒரு போத்தல் திறந்து பாவிக்கிறம், ஃப்ரிட்ஜில இன்னொண்டு இருக்கு, அவ்வளவுதான். அம்மா நேற்று மெதுவா சொல்லுறா, ஒரு நேரத்த விட்டுட்டுப் போட்டா கனநாளைக்கு வருந்தானே பிள்ளை எண்டு. எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. சாப்பாடும் முந்தி மாதிரி இல்ல, சோறும் பருப்பும் இல்லாட்டி பாண், மரக்கறி லொறி வந்தா கரட், பூசணி, வராட்டி அதுவும் இல்ல. பருப்பு 65 ரூபா, டின்மீன் 100 ரூபா எண்டு அரசாங்கம் விலை சொன்னதுதான், எங்கட பக்கத்துக் கடையில அந்த விலைக்கு ரெண்டும் கண்ணில படேல்ல.

நான் கேக்கிறது இதுதான். கிளினிக் மருந்து வீட்டுக்கு வருது எண்டு சொல்லுறாங்கள், ஆருக்காவது உண்மையா வந்ததா? இன்சுலினும் வருமா? பாமசிக்குப் போற வழியில பொலிஸ் மறிச்சா என்ன காட்டுறது? ஒண்டு ரெண்டு பேருக்கு கோல் எடுத்துக் கேட்டன், ஆளுக்கொரு கதை. வட்ஸ்அப்பில வாறத நம்பேலாம இருக்கு, கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சா ஒண்டும் வராது எண்டு ஒருநாளைக்கு எத்தின பேர் அனுப்புறாங்கள். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, பெரிய உதவியா இருக்கும்.

கொட்டாஞ்சேனை அக்கா:
தங்கச்சி, முதல்ல அம்மாவிட்ட சொல்லுங்க, ஒரு நேரம் விடுற வேலையே வேணாம். என்ட அப்பாவும் சுகர்காரர், அவருக்கு கிளினிக் மருந்து தபால்ல வந்தது, நான் கண்ணால கண்டது, கையால வாங்கினது. எப்பிடி எண்டா கிளினிக் கொப்பியில ஹொஸ்பிட்டல் பேரும் கிளினிக் நம்பரும் இருக்கும், ஹொஸ்பிட்டலுக்கு கோல் எடுத்து அத சொல்லணும், பேர், அட்ரஸ், ஃபோன் நம்பர் எல்லாம் எடுப்பாங்க, பிறகு பாசல் கட்டி தபால் ஒஃபிசுக்கு குடுப்பாங்க, தபால்காரர் வீட்டுக்கு கொண்டு வருவார். லைன் கிடைக்கிறது கஷ்டம். விடாம அடிங்க, காலையில எட்டு மணிக்கு முதலே தொடங்குங்க, பத்து மணிக்குப் பிறகு எங்கேஜ்தான். எங்களுக்கு வந்தது குளுசை மட்டும். இன்சுலின் பற்றி எனக்கு சொல்லத் தெரியாது, அந்த ஃபோன்லயே தனியா கேளுங்க.

ஃப்ளாட் எண்டபடியா இன்னொண்டு சொல்றேன். தபால்காரர் கீழ வந்து செக்கியூரிட்டியிட்ட குடுத்துட்டுப் போனா அது அங்க வெயில்ல கிடக்கும், அதால செக்கியூரிட்டி அண்ணாட்ட முன்னமே சொல்லி வைங்க. பாவம் அந்த மனுசர், ஆரும் ஒரு கிளாஸ் தேத்தண்ணி கூட குடுக்கிறாங்க இல்ல, கிருமி பயம். நாங்க வாசல்ல வச்சிட்டு தள்ளி நிண்டு கூப்பிடுவோம்.

வெள்ளவத்தை மகள்:
அக்கா மெத்தப் பெரிய நன்றி. கொப்பி கையில இருக்கு, நாளைக்கு காலமை தொடங்குறன்.

தெஹிவளை பாமசி:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் பாமசியில வேல செய்றவன், இதில கொஞ்சம் விளக்கமா எழுதுறன் அக்கா, பொறுமையா வாசிங்க, எங்கட உம்மாவுக்கும் இதே வருத்தம், அதால உங்கட பயம் எனக்கு விளங்குது.

ஒரு நேரத்த குறைச்சு மிச்சம் பிடிக்கிறது ஆபத்து. சுகர் ஏறி நிண்டா உடம்புக்கு கிருமியோட சண்டை பிடிக்கிற சக்தி குறையும், கொரோனாவும் சுகர் இருக்கிற வயசாளிகளத்தான் கடுமையா பிடிக்குது என்டு டொக்டர்மார் சொல்றாங்க. இந்த நேரத்தில சுகர கட்டுப்பாட்டில வைக்கிறது மாஸ்க் போடுற அளவுக்கு முக்கியம். காய்ச்சல் வந்தாலும் சாப்பாடு இறங்காட்டியும் நீங்களா இன்சுலின நிப்பாட்ட வேணாம், அளவ மாத்துறது டொக்டரிட்ட கேட்டுத்தான்.

மறுபக்கமும் சொல்லணும். சாப்பாடு குறைஞ்ச வீட்டில பழைய அளவிலயே இன்சுலின் போட்டா சுகர் இறங்கவும் ஏலும். வேர்க்கிறது, கை நடுங்கிறது, பசி, பேச்சு குழம்புறது, இதுகள் கண்டா, மெஷின் இருந்தா குத்திப் பாருங்க, 70க்கு கீழ என்டா மூணு தேக்கரண்டி சீனிய தண்ணியில கரைச்சு குடுங்க, 15 நிமிசத்தில திரும்பப் பாருங்க, சரியானதும் பிஸ்கட்டோ சோறோ சாப்பிடக் குடுங்க. மெஷின் இல்லாட்டி பாத்துக்கொண்டு இருக்காம சீனித் தண்ணிய குடுங்க. மயங்கிட்டா வாயில ஒன்டும் ஊத்த வேணாம், புரையேறிடும், 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ், காசு குடுக்கத் தேவையில்ல, கர்பியூக்குள்ளயும் ஓடுது. அதனால ஊசிய போட்டுட்டு சாப்பாட்டுக்கு மரக்கறி லொறி வரும் என்டு பாத்துக்கொண்டு இருக்க வேணாம், சாப்பாடு ரெடியா இருக்கு என்டு பாத்த பிறகுதான் ஊசி.

இனி வைக்கிற விதம். திறக்காத போத்தல் ஃப்ரிட்ஜில, 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில, ஃப்ரீசர்ல இல்ல, ஐஸ் பிடிக்கிற பின்சுவர்ல முட்டவும் வேணாம். உறைஞ்ச இன்சுலின் உருகின பிறகு பார்வைக்கு நல்லா இருந்தாலும் சரியா வேல செய்யாது, எறியத்தான் வேணும். திறந்த போத்தல் பொதுவா நாலு கிழமை வரைக்கும் பாவிக்கலாம், பெட்டியில எழுதியிருக்கிறதயும் ஒருக்கா பாருங்க, கொழும்பு ஏப்ரல் வெயிலுக்கு அதையும் ஃப்ரிட்ஜ் கதவிலயே வைங்க. திறந்த திகதிய போத்தல்ல பேனாவால எழுதுங்க. உங்கட அம்மாவுக்கு மிக்ஸ்டார்ட் மாதிரி பால் போல கலங்கின இன்சுலின் என்டா உள்ளங்கையில வச்சு மெதுவா உருட்டணும், குலுக்கக்கூடாது, கட்டி கட்டியா நிண்டா அத போட வேணாம்.

வாங்கிற விசயம். எங்கட ஊர்ல எல்லாருக்கும் முதல் நினைவு வாறது அரசாங்க பாமசி ஒசுசல, இப்ப அதுக்கு நிறைய கோல் வருது. அதோட தனியார் பாமசிகளும் சில நாள்ல திறக்க விடுறாங்க, அறிவித்தல பாத்துக்கொள்ளுங்க. பல பாமசி வட்ஸ்அப்பில மருந்துச் சீட்டு படம் அனுப்பினா எடுத்து வைக்குது, சிலது டெலிவரியும் செய்யுது. படம் வெளிச்சத்தில எடுங்க தயவு செஞ்சு, ராவையில மேசை லைட்டில எடுத்த படத்தில டொக்டர்ர கையெழுத்த வாசிக்கிறதுக்குள்ள எங்கட கண் போயிடும். டெலிவரிக்கு குடுத்தா ஐஸ் பெக்கோட அனுப்புவீங்களா என்டு முதல்லயே கேளுங்க. தபால்ல இன்சுலின் தாறம் என்டு கிளினிக்கில சொன்னாலும் குளிர்ல எப்பிடி வரும், என்டைக்கு கைக்கு வரும் என்டத கேட்டு உறுதிப்படுத்துங்க.

நேர்ல போறதென்டா நீங்க மட்டும் போங்க, அம்மாவ கூட்டிக்கொண்டு போக வேணாம். கிளினிக் கொப்பி, மருந்துச் சீட்டு, உங்கட ஐடி மூன்டும் கையில. மறிச்சா அமைதியா காட்டுங்க, கிட்ட இருக்கிற பாமசிக்குத்தான் போறன் என்டு சொல்லுங்க. வீட்டுக்கு வந்து முதல் வேல சோப் போட்டு 20 செக்கன் கை கழுவுறது. சனிடைசர் கடையில இல்ல என்டு அழ வேணாம், வீட்டில சோப் இருந்தா அது போதும்.

கொத்தமல்லி குடிக்கிறதில குத்தமில்ல, எங்கட வீட்டிலயும் குடிக்கிறம், தொண்டைக்கு இதமா இருக்கும், ஆனா அது கொரோனாவ தடுக்காது, சீனி போட்டு குடிச்சா உங்கட அம்மாவுக்கு கெடுதி.

வெள்ளவத்தை மகள்:
தம்பி, இத அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். உறைஞ்ச இன்சுலின் விசயம் எனக்குத் தெரியவே தெரியாது, ஃப்ரிட்ஜ திறந்து பாத்தா போத்தல் பின்சுவரோட ஒட்டிக்கொண்டு நிண்டது, உறையேல்ல, உடன முன்னுக்கு எடுத்து வச்சிட்டன். ஒரு நேரம் விடுற கதைய இனி கதைக்கமாட்டன் எண்டு அம்மா சொல்லிட்டா.

ஜிந்துப்பிட்டி போடிங்:
அக்கா, அண்ணன் எல்லாருக்கும் வணக்கம், இதுல நடுவுல வந்து கேக்குறதுக்கு மன்னிக்கணும், எனக்கு வேற எங்க கேக்குறதுன்னு தெரியல. நான் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டம், புறக்கோட்டையில துணிக்கடையில வேல செய்றேன், ஜிந்துப்பிட்டியில ஒரு போடிங்ல, வாடகை அறையில, பசங்க சேந்து இருக்கோம், எல்லாரும் மலையகம்தான். கர்பியூ போட்ட அன்னைக்கு பஸ் பிடிக்க முடியல, அடுத்த நாளே போயிறலாம்னு இருந்தோம், அப்புறம் மாவட்டம் விட்டு மாவட்டம் போக முடியாதுன்னுட்டாங்க. கடை பூட்டியாச்சு, முதலாளி மார்ச் சம்பளத்துல பாதி தந்தாரு, அவரையும் குத்தம் சொல்ல மாட்டேன், புதுவருசத்துக்குன்னு எடுத்த துணி அப்படியே கடையில கிடக்கு, அவருக்கும் கடன்.

இப்ப அரசாங்கம் நிவாரணமா 5000 ரூபா குடுக்குறாங்கன்னு சொன்னதும் ஜீஎஸ்கிட்ட, கிராம சேவகர்கிட்ட, போனோம், உங்க பேரு இந்த லிஸ்ட்ல இல்ல, ஊர்ல எடுத்துக்கங்கன்னாரு. ஊர்ல அப்பா கேட்டா ஆளு இங்க இல்லயே, கொழும்புலதானே இருக்கான்னு சொல்றாங்களாம். அங்கயும் இல்ல இங்கயும் இல்ல. நிவாரணப் பொதி வந்தாலும் வீட்டுக்காரங்களுக்குத்தான், போடிங் பசங்கள ஒரு குடும்பமா யாரும் எண்ணுறதில்ல. ஒரு நேரம் சமைச்சு ரெண்டு நேரம் சாப்பிடுறோம். அம்மா ஃபோன்ல அழுவுறாங்க, தோட்டத்துல கொழுந்து எடுக்குற வேலை நடக்குது, நீ இங்கயே இருந்திருந்தா எங்களோட சேந்து ஒரு வாய் கஞ்சியாவது குடிச்சிருப்பயேன்னு. ஒரு பையனுக்கு ரெண்டு நாளா இருமல் வேற, காய்ச்சல் இல்ல, ஆனா வீட்டுக்காரம்மா கேட்டா வெளிய அனுப்பிருவாங்களோன்னு பயத்துல அவன் தலகாணிய வாயில வச்சு இருமுறான். என்ன செய்றதுன்னு சொல்லுங்க.

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, நீங்க மன்னிப்பு கேக்க ஒண்டுமில்ல, இதத்தான் முதல்ல பாக்கணும். ஜிந்துப்பிட்டி எனக்குப் பக்கம்தான். ஒவ்வொருத்தரா ஜீஎஸ்கிட்ட போனா லிஸ்ட்ல இல்லதான் சொல்லுவாங்க. எல்லார்ட பேரும், ஐடி நம்பரும், ஊர் அட்ரஸும், வேல செஞ்ச கடையும் ஒரே பேப்பர்ல எழுதுங்க, போடிங் வீட்டுக்காரம்மாட்ட இவங்க இங்கதான் இருக்காங்கன்னு ஒரு கையெழுத்து வாங்குங்க, ஒரு கொப்பி ஜீஎஸ்கிட்ட, ஒரு கொப்பி பிரதேச செயலகத்துக்கு. எழுத்தில குடுத்தா வேணாம்னு வாய்ச் சொல்லுல திருப்பி அனுப்புறது லேசில்ல. காசு கிடைக்கும்னு நான் வாக்கு தர மாட்டேன், உலர் உணவாவது அந்தப் பேப்பர வச்சுக் கேக்கலாம். ஊர்லயும் அப்பாட்ட சொல்லி அந்த ஜீஎஸ்கிட்ட எழுத்தில ஒரு விண்ணப்பம் குடுக்கச் சொல்லுங்க. எங்கட தெருவில கோயில் ஆக்களும் சேர்ச் ஆக்களும் பொதி கட்டுறாங்க, எத்தின பேர்னு எனக்கு தனிச் செய்தி போடுங்க, நான் பேசுறேன். அரிசியும் பருப்பும் இன்னைக்கே என்னால குடுக்க ஏலும், பொலிஸ்ல கேட்டு ஆரையாவது அனுப்புறேன், நீங்க வெளிய வந்து மாட்டிக்காதீங்க, கர்பியூ மீறினா பிடிச்சிட்டுப் போறாங்க.

தெஹிவளை பாமசி:
இருமல் தம்பிக்கு: இப்ப கொரோனாவுக்கு வச்சிருக்கிற 1390 லைனுக்கு அடிங்க, டொக்டர்மார் கதைப்பாங்க. வெளிநாட்டால வந்த ஆக்களோடயோ, நோய் பிடிச்ச ஆளோடயோ பழகினாரா என்டு கேப்பாங்க, உண்மைய சொல்லுங்க. இருமல் எல்லாம் கொரோனா இல்ல, அடைச்ச அறையில தூசியில படுத்தாலும் வரும். ஆனா காய்ச்சல் தொடங்கினா, மூச்சு வாங்கினா ஒரு நிமிசமும் மறைக்க வேணாம். அதுவரைக்கும் அவர யன்னல் பக்கமா படுக்க வைங்க, கோப்பை தட்டு தனியா, எல்லாரும் துணி மாஸ்காவது கட்டுங்க. தலகாணிய வாயில வைக்க வேணாம் என்டு சொல்லுங்க, முழங்கை மடிப்பில இருமலாம். வீட்டுக்காரம்மாவிட்ட நீங்களே போய் 1390ல இப்பிடி சொன்னாங்க என்டு சொன்னா அவவுக்கும் பயம் குறையும், ஒளிச்சு வச்சு பிறகு தெரிஞ்சாத்தான் பிரச்சினை.

ஜிந்துப்பிட்டி போடிங்:
அக்கா தனிச் செய்தி போட்டிருக்கேன். அண்ணன், 1390 கிடைச்சிருச்சு, லேடி டொக்டர் ஒருத்தவங்க தமிழ்லயே பேசுனாங்க, வெளிநாட்டுத் தொடர்பு இல்லன்னா அறையிலயே இருங்க, காய்ச்சல் பாருங்க, வந்தா உடனே கூப்பிடுங்கன்னாங்க. வீட்டுக்காரம்மாகிட்டயும் சொல்லிட்டோம். திட்டல. இஞ்சி போட்டு பிளேன்டீ அனுப்புனாங்க.

வெள்ளவத்தை மகள்:
தம்பிமார் எத்தின பேர் எண்டு கொட்டாஞ்சேனை அக்காட்ட கேட்டு நானும் கொஞ்சக் காசு போடுறன், தனிச் செய்தியில எக்கவுண்ட் விபரம் அனுப்புங்கோ. கிளினிக் லைன் இண்டைக்கு கிடைச்சிட்டுது. பிரஷர் குளுசை தபால்ல வரும், இன்சுலினுக்கு சீட்டோட வெளிய எடுக்கச் சொல்லிட்டாங்கள், பக்கத்து பாமசி ஒண்டு ரெண்டு போத்தல் எடுத்து வைக்கிறம் எண்டு சொல்லியிருக்கு, நாளைக்கு காலமை கொப்பியோட போறன். வேற என்னவும் கேட்டு வாங்க வேணுமா தம்பி?

தெஹிவளை பாமசி:
சிரிஞ்சும் கேளுங்க அக்கா, இன்சுலின் இருந்தும் ஊசி இல்லாம வந்து நிக்கிற ஆக்கள கண்டிருக்கிறன். போத்தல்ல ஒரு மில்லிக்கு 100 யூனிட் என்டு போட்டிருந்தா சிரிஞ்சும் U-100 தான், U-40 சிரிஞ்சில இழுத்தா அளவு பிழைச்சிடும். மெஷினுக்கு ஸ்ட்ரிப் இருக்கா என்டும் பாருங்க. ஐஸ் கட்டிய ஒரு துணியில சுத்தி சின்ன பையில வச்சு கொண்டு போங்க, போத்தல் நேரா ஐஸ்ல முட்டக்கூடாது.