குற்றவியல் ஹானர்ஸ் படிக்க வைக்கலாமா?

கண்டனூர் செந்தில்:
தங்கச்சி மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். குற்றவியல்தான் படிப்பாளாம், அதாவது குற்றம் ஏன், எப்படி நடக்கிறது என்று ஆராயும் கிரிமினாலஜி; அதுவும் நாலு வருஷ ஹானர்ஸ். வீட்டில் பி.காம் சேரச் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை முத்தையா:
வேண்டாம் தம்பி. எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். சிறார் நீதிச் சட்டம் 2015-ஐப் பாருங்கள். சிறார் வழக்குகளை விசாரிக்கும் நீதிக் குழுமத்தில் உட்காரும் சமூகப் பணியாளருக்குக் குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் என்று பட்டங்களைச் சொல்கிறது. குற்றவியல் அதில் இல்லை. சட்டமே கண்டுகொள்ளாத படிப்புக்கு ஃபீஸ் கட்டுவதா?

பள்ளத்தூர் வள்ளியம்மை:
அண்ணே, நம் செட்டிநாட்டு ஊரையே பாருங்கள். தெருத்தெருவாகப் பூட்டின வீடு. பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான் கதவு திறக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஓட்டைப் பிரித்து வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள் இறங்கி, வெள்ளிச் சாமானோடு நிலைக்கதவுச் சிற்பத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். புகாரில் எழுத, திருட்டுப் போன மாசம்கூட யாருக்கும் தெரியவில்லை. திருட நினைப்பவன், தோதான பொருள், காவலுக்கு ஆள் இல்லாத இடம், மூன்றும் ஒருசேர அமைந்தால் குற்றம் நடக்கும் என்று கோஹென், ஃபெல்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1979-லேயே எழுதிவிட்டார்கள். நம் தெருவுக்கு அப்படியே பொருந்துகிறது. இதைப் படித்த பிள்ளை ஒன்று ஊருக்கு வேண்டாமா?

தேவகோட்டை முத்தையா:
ஆச்சி, திருடனைப் பிடிக்கத் தடயவியல்தான் வேண்டும். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புது குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம், ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்குத் தடயவியல் நிபுணர் நேரில் போக வேண்டும் என்கிறது. மாநிலங்களுக்கு ஐந்து வருஷம் அவகாசம். வேலை அங்கேதான் வரும்.

பள்ளத்தூர் வள்ளியம்மை:
அதற்குக் கெமிஸ்ட்ரி பிடிக்க வேண்டும், அண்ணே. இவளுக்குப் பிடித்தது மனுஷர்களைப் பற்றிய படிப்பு. பறிகொடுத்தவர்கள் நிலையை ஆராயவே அதில் தனிப் பிரிவு இருக்கிறது.

காரைக்குடி ஆய்வு மாணவி:
சென்னைப் பல்கலையிலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலையிலும் குற்றவியல் துறை இருக்கிறது. யுஜிசி 2022 விதிப்படி மூணு வருஷத்துக்கு 120 கிரெடிட், நாலு வருஷத்துக்கு 160. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தால் ஆராய்ச்சியோடு ஹானர்ஸ். கடைசிவரை அந்த மார்க் நின்றால் எம்.ஏ. இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்விலும் குற்றவியல் தனிப் பாடம். ஆனால் எல்லாக் கல்லூரியிலும் நாலாம் வருஷம் கிடையாது. அது உண்டா, ஆய்வுக்கு வழிகாட்டி உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

தேவகோட்டை முத்தையா:
75 வராவிட்டால்?

காரைக்குடி ஆய்வு மாணவி:
மூணு வருஷத்தோடு பட்டம் வாங்கி வெளியே வரலாம், ஐயா. நீங்கள் சொன்ன எஸ்.ஐ. தேர்வையும் எழுதலாம்.

தேவகோட்டை முத்தையா:
அப்படியென்றால் மூணு வருஷத்துக்கு மட்டும் கணக்குப் போடுங்கள், செந்தில். நாலாவதுக்கு இப்போதே கடன் வாங்க வேண்டாம்.